27ஆம் பக்கத்தில் ஒரு டிக்

"உங்களுக்குப் பிடித்த பத்துப் புத்தகங்கள் என்னென்ன?" என்று யார் கேட்டாலும் நான் இதுவரை முழு உண்மையைச் சொன்னதில்லை. கேட்கிறவர் யார் என்று பார்த்துப் பட்டியல் மாறும். இலக்கியக் கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது கேட்டால் ஒரு பட்டியல். அலுவலகத்தில் கேட்டால் வேறொன்று. பெண் பார்க்கப் போன வீட்டில் பெண்ணின் சித்தப்பா கேட்டபோது 'பொன்னியின் செல்வன்' என்று சொன்னேன். அவர் உடனே வந்தியத்தேவனைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

இந்தப் பட்டியல்களில் இருந்த எதுவும் மோசமான புத்தகம் கிடையாது. ஆனால் ராத்திரி தூக்கம் வராமல் எழுந்து விளக்கைப் போட்டால் என் கை எந்தப் புத்தகங்களிடம் போகுமோ, அவற்றில் பாதிகூடப் பட்டியலில் இருக்காது. பட்டியலில் இருந்த ஒரு புத்தகத்தை நான் படித்து முடித்திருக்கவே இல்லை. அந்தப் புத்தகம் என்னை மாட்டிவிட்டது. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு டிசம்பர் கடைசி. ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி வருகிறது என்றாலே நம்ம ஆட்களுக்குப் பட்டியல் ஜுரம் வந்துவிடும் இல்லையா? எனக்கும் வந்தது. 'என்னை உருவாக்கிய பத்து நாவல்கள்' என்று தலைப்புப் போட்டு முகநூலில் எழுதினேன். மூன்றாவது இடத்தில் சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்'. பக்கத்தில் ஒரு வரி: தமிழ் நாவலைத் தலைகீழாகப் புரட்டிப் போட்ட படைப்பு. இந்த வரியை எழுதுவதற்கு அந்த நாவலைப் படித்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

தெரியாதவர்களுக்காக: 1981இல் வந்த நாவல். ஜோசஃப் ஜேம்ஸ் என்கிற கற்பனையான மலையாள எழுத்தாளனைப் பற்றி, பாலு என்கிற தமிழ் எழுத்தாளன் எழுதும் குறிப்புகள். காம்யு விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4. அதற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்துபோகிறான். நாவலின் பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்புகள். முற்பகுதியை நான் மூன்று தடவை படித்திருந்தேன். அந்தக் கிண்டல், அந்த வாக்கியங்களின் முறுக்கு எல்லாம் இருபது வயசில் போதை மாதிரி இருந்தது. பிற்பகுதியில் முப்பது பக்கம் தாண்டியதில்லை. மூன்று தடவையும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் மூடி வைத்தேன்.

பிப்ரவரியில் ஒரு கல்லூரி மாணவி மெசஞ்சரில் எழுதியிருந்தாள். "அண்ணா, உங்க லிஸ்ட் பார்த்துதான் ஜே.ஜே. வாங்கினேன். டைரி வர்ற பகுதிக்கு வந்ததும் உள்ள போகவே முடியல. நீங்க அதை எப்படிப் படிச்சீங்க?"

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். நான் செய்தது வேறு. "அந்தத் திணறலை உண்டாக்குவதுதான் அந்தப் பகுதியின் நோக்கம், அதற்கு வாசகர் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்ள வேண்டும்" என்று இரண்டு பத்தி எழுதி அனுப்பினேன். படிக்காத பக்கங்களைப் பற்றி நான் எழுதிய மிக நேர்த்தியான விமர்சனம் அது. அவள் ஒரே வரியில் பதில் போட்டாள்: "அப்போ எனக்குத்தான் இலக்கியம் வராது போல அண்ணா."

அந்த வரியை நான் ரொம்ப நாள் மறக்க முயற்சி செய்தேன்.

*

தமிழில் பட்டியல் என்பது சும்மா ஒரு ஆண்டுக்கடைசிப் பொழுதுபோக்கு கிடையாது. அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. அந்த வம்சத்தின் மூத்தவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர், க.நா. சுப்ரமண்யம். 1912இல் வலங்கைமானில் பிறந்தவர். கும்பகோணத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் போய்விடலாம். 'சூறாவளி', 'சந்திரோதயம்', 'இலக்கிய வட்டம்' என்று பத்திரிகைகள் நடத்தினார். 'பொய்த்தேவு' எழுதினார். செல்மா லாகர்லாவின் நாவலை 'மதகுரு' என்றும், நட் ஹாம்சனின் நாவலை 'நிலவளம்' என்றும், பேர் லாகர்க்விஸ்டின் 'பாரபாஸ்' நாவலை 'அன்பு வழி' என்றும் தமிழுக்குக் கொண்டுவந்தார். இதற்கு நடுவில் சளைக்காமல் பட்டியல் போட்டார். இவை நல்ல நாவல்கள், இவர்கள் நல்ல சிறுகதைக்காரர்கள் என்று திரும்பத் திரும்ப, அதே பெயர்களை, எங்கே இடம் கிடைத்தாலும்.

அவரை எதிர்த்தவர்கள் இதைப் பட்டியல் விமர்சனம் என்று கேலி செய்தார்கள். காரணம் சொல்லாமல் தீர்ப்பு சொல்கிறாரே, இது என்ன விமர்சனம் என்பது அவர்கள் கேள்வி. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா இதற்கு நேர் எதிரான வழியில் போனார். ஒரு கதையை எடுத்தால் வரி வரியாக அலசிக் காயப் போட வேண்டும் அவருக்கு. மார்க்சிய விமர்சகர்கள், குறிப்பாக கைலாசபதி, வேறொரு பக்கத்திலிருந்து தாக்கினார்கள்: இது வெறும் தனிமனித ரசனை, சமூகத்தையே காணோம் என்று.

காரணம் கேட்டது நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் க.நா.சு. பட்டியல் போட்ட சூழலையும் பார்க்க வேண்டும். அன்றைக்கு வார இதழ்கள் லட்சக்கணக்கில் வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தன. இலக்கியப் பத்திரிகைகளைப் படித்தவர்கள் சில நூறு பேர். ஒரு நல்ல நாவல் வந்தது என்கிற செய்தியே யாருக்கும் தெரியாமல் போய்விடக்கூடிய காலம். அப்போது பெயரைச் சொல்வதே ஒரு வேலை. பத்துப் பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னால் அதில் இரண்டாவது யாரோ ஒருவன் காதில் விழும். எனக்கே அப்படி விழுந்திருக்கிறது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' ஒரு பழைய பட்டியலில் பார்க்காமல் என் கையில் வந்திருக்க வழியே இல்லை. 1964இல் வந்த அந்த நாவலில், வீட்டுக்குள் அடைபட்டுப்போன லிஸிக்காக நான் ஒரு ராத்திரி முழுக்க விழித்திருந்தேன். அந்தப் பட்டியலுக்கு இன்றும் நன்றி.

இன்னொன்று. க.நா.சு.வின் பட்டியலுக்குப் பின்னால் ஒரு முதல் இருந்தது. அவர் 'படித்திருக்கிறீர்களா?' என்று தனித்தனிப் புத்தகங்களை அறிமுகம் செய்து எழுதினார். மொழிபெயர்த்தார். உட்கார்ந்து படித்தார். வங்கியில் பணம் போட்டுவிட்டு எழுதிய செக் அது. நான் டிசம்பர் கடைசியில் எழுதியது கணக்கே இல்லாத வங்கியின் செக். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு கவுண்டருக்குப் போய்விட்டாள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். பெயர் தெரியாத பிரச்சினை கிட்டத்தட்ட தீர்ந்துவிட்டது. எஸ். ராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த நூறு சிறுகதைகள் புத்தகமாகவே கிடைக்கின்றன. எந்த இளம் வாசகரைக் கேட்டாலும் 'புயலிலே ஒரு தோணி', 'ஜே.ஜே.', 'மோகமுள்', 'தண்ணீர்' என்று சொல்லிவிடுவார். அட்டைப்படமும் ஒரு கப் காபியும் உள்ள புகைப்படங்கள் எவ்வளவு வேண்டும்? தெரியாமல் இருப்பது வேறு விஷயம்: இதை எப்படிப் படித்தாய், எங்கே நின்றாய், எதைத் தாண்டிக் குதித்தாய், எத்தனை வருஷம் கழித்துத் திரும்ப வந்தாய். பட்டியலில் இதற்கு இடமே இல்லை. அதனால் படிக்கிற ஒவ்வொருவரும், மற்ற எல்லாரும் ஒரே மூச்சில் படித்து முடித்துவிட்டார்கள், தான் மட்டும்தான் திணறுகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

*

இந்த இடத்தில் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்து பட்டியலே போடாத வாசகி அவர்தான்.

தொண்ணூறுகளில் கும்பகோணத்தில் எங்கள் தெருமுனையில் ஒரு லெண்டிங் லைப்ரரி இருந்தது. சைக்கிள் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில் ஒரு குறுகிய அறை. ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா, ரமணிசந்திரன், சிவசங்கரி, லக்ஷ்மி. மூலையில் கயிறு கட்டித் தொங்கவிட்ட லயன் காமிக்ஸ், முத்து காமிக்ஸ். ஒரு புத்தகத்துக்கு வாடகை ஒரு ரூபாய். அம்மாவுக்கு வாரம் மூன்று. எடுத்துவரப் போவது நான்.

அங்கே ஒரு பிரச்சினை உண்டு. பாக்கெட் நாவல் தலைப்புகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அட்டையும் கிழிந்து பழுப்புத் தாள் போட்டிருப்பார்கள். ஏற்கெனவே படித்ததையே மறுபடி எடுத்துவந்தால் ஒரு ரூபாய் தண்டம். அதனால் அம்மா ஒரு வழி வைத்திருந்தார். படித்து முடித்ததும் 27ஆம் பக்கத்தில், பக்க எண்ணுக்குக் கீழே, பென்சிலால் சின்னதாக ஒரு டிக். நான் கடையில் நின்று முதலில் 27ஆம் பக்கத்தைப் புரட்டுவேன். டிக் இருந்தால் வைத்துவிடுவேன்.

மற்ற அம்மாக்களும் சும்மா இல்லை. ஒரு புத்தகத்தில் 40ஆம் பக்கத்தில் ஒரு வட்டம். இன்னொன்றில் கடைசிப் பக்கத்தில் நட்சத்திரம். யாரோ ஒருவர் எல்லாப் புத்தகத்திலும் மூன்றாம் பக்கத்தில் முருகன் வேல் வரைந்திருந்தார். தெருவில் யார் எதைப் படித்திருக்கிறார்கள் என்பது அந்தப் புத்தகங்களுக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது. சில புத்தகங்களில் அம்மாவின் டிக் இரண்டு இருக்கும். "இதை ரெண்டு தடவை படிச்சியாம்மா, மறந்துபோய் எடுத்துட்டேனா?" என்று ஒருமுறை கேட்டேன். "மறந்து ஒண்ணும் இல்ல. புடிச்சிருந்துது, இன்னொரு தடவை எடுத்தேன். அதுக்குத்தான் ரெண்டு" என்றார். சில புத்தகங்களில் டிக் பாதியில் நின்றிருக்கும். வால் இருக்காது. அதாவது முடிக்கவில்லை.

ஒரு டிக்: படித்தேன். இரண்டு டிக்: திரும்ப வந்தேன். வாலில்லாத டிக்: பாதியில் விட்டேன். இந்த மூன்று விஷயத்தைக்கூட என் 'என்னை உருவாக்கிய பத்து நாவல்கள்' சொல்லவில்லை.

அப்புறம் நான் படிக்கச் சென்னை போனேன். வாசிப்பு வட்டம், சிற்றிதழ், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் விவாதம். நல்ல நாட்கள்தான். ஆனால் அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது, எதைப் படித்ததாகச் சொல்லக் கூடாது என்பதை. சுஜாதாவைச் சொன்னால் ஒரு மௌனம் விழும். ராஜேஷ்குமாரைச் சொன்னால் சிரிப்பு. 'ஜே.ஜே.'யில் ஒரு இடம் வரும்: தமிழ் எழுத்தாளன் ஒருவனிடம் ஜே.ஜே., கல்கியின் சிவகாமி தன் சபதத்தை முடித்தாளா என்கிற மாதிரி நக்கலாக விசாரிப்பான். எங்கள் குழுவில் அது தேசிய கீதம். யாராவது ஜனரஞ்சக எழுத்தாளர் பெயரைச் சொன்னால் போதும், அந்தக் கேள்வியை ஏதாவது ஒரு வடிவத்தில் வீசுவோம்.

ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தேன். அம்மா மத்தியான வேலை முடித்து, கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து ரமணிசந்திரன் படித்துக்கொண்டிருந்தார். நான் அதே குரலில், "என்னம்மா, ஹீரோயின் கல்யாணம் பண்ணிக்கிட்டாளா?" என்று கேட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "இன்னும் நாப்பது பக்கம் இருக்குடா" என்றார். உண்மையான கேள்வி என்று நினைத்து உண்மையான பதில் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "காபி போடட்டுமா?" என்று எழுந்து போனார்.

அதற்குப் பிறகு நான் ஊருக்குப் போகும்போது அம்மா என் முன்னால் படித்து நான் பார்த்ததில்லை. பல வருஷம்.

சுந்தர ராமசாமி மீது இதில் ஒரு குற்றமும் இல்லை. அந்த நாவலுக்குள் அந்தக் கிண்டலுக்கு ஒரு வேலை இருக்கிறது. தன் மொழியைப் பற்றிய துயரமும் கோபமும் சேர்ந்துதான் அது வருகிறது. கிண்டலை மட்டும் நாவலிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் அம்மா மீது வீசியவன் நான். நாவலை முழுதாகப் படித்திருந்தாலாவது பரவாயில்லை.

*

கொஞ்சம் எழுதும் பழக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். அதில்தான் என் பொய் இன்னும் நன்றாகத் தெரிகிறது.

நான் பெரும்பாலும் எழுதுவது ரயிலில், போனில். உழவன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு விரலால் தட்டியவைதான் என் கட்டுரைகளில் பாதி. உங்கள் உரைநடைக்கு முன்மாதிரி யார் என்று கேட்டால் அசோகமித்திரன் என்று சொல்லி வந்தேன். யாருக்குத்தான் ஆசை இருக்காது? குரலை உயர்த்தாமல், பெயரடை போடாமல், ஒரு மனுஷன் பஸ்ஸுக்கு நிற்பதை எழுதியே நெஞ்சைப் பிசைகிற ஆள்.

ஒருநாள் என் பழைய கட்டுரைகளை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். அசோகமித்திரனைக் காணோம். ஒவ்வொரு பத்தியும் ஒரு சின்ன வெடியோடு முடிகிறது. அது சுஜாதா. 'இறங்கினான்' என்ற சொல்லின் எழுத்துகளையே படிக்கட்டு மாதிரி இறக்கி அச்சிட வைத்தவர் அவர். வாக்கியம் கண்ணுக்குத் தெரிகிற ஒரு பொருள் என்று எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். கட்டுரையின் அமைப்பைப் பார்த்தால் இரண்டு தனித்தனிக் கதைகள் மாறி மாறி வந்து கடைசியில் ஒன்று சேர்கின்றன. அது ராஜேஷ்குமார். அவருடைய க்ரைம் நாவல்களில் ஒரு அத்தியாயம் கோயம்புத்தூரில் நடக்கும், அடுத்தது வேறு ஊரில் வேறு ஆட்களோடு நடக்கும். இரண்டும் எங்கே முட்டும் என்று காத்திருப்போம். இந்தக் கட்டுரையிலும் ஒரு பக்கம் அந்த மாணவி, இன்னொரு பக்கம் அம்மா. நான் மறைக்க நினைத்தாலும் கை காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பிடித்த புத்தகம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோம் என்பதைத்தான். எதைத் திரும்பப் படித்தோம் என்பது நம் வாக்கியங்களில் படிந்துகிடக்கும். விமர்சனம் எழுதுகிறவன் முதலில் இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். அந்தத் தூரம் பெரிதாக இருந்தால் அவன் சொல்லும் தீர்ப்புகளில் எல்லாம் கொஞ்சம் பயம் கலந்திருக்கும். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்கிற பயம். பயத்தோடு சொல்லும் தீர்ப்பு எப்போதும் அளவுக்கு மீறிக் கறாராக இருக்கும். என் பழைய கட்டுரைகள் ரொம்பக் கறாரானவை.

இதனால் எல்லாம் ஒன்றுதான், ரமணிசந்திரனும் அசோகமித்திரனும் சமம் என்று சொல்ல வரவில்லை. சமம் இல்லை. பாக்கெட் நாவலில் நமக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு ஆறுதல் கிடைக்கிறது. உழைத்துக் களைத்த மத்தியானத்தில் அது சின்ன விஷயம் கிடையாது. அசோகமித்திரன் அந்த ஆறுதலைத் தருவதில்லை. கேட்டால் சாரி என்று சொல்லிவிட்டு அமைதியாக நின்றுகொண்டிருப்பார். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்வதுதான் விமர்சகன் வேலை. படிக்கிற ஆளைச் சிறுமைப்படுத்துவது அந்த வேலையில் சேராது. நான் இரண்டையும் குழப்பிக்கொண்டேன்.

*

போன வருஷம் அம்மாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை. நான் ஒரு மாதம் விடுப்புப் போட்டு ஊரில் இருந்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று ராத்திரி, மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்: "உனக்கு ரொம்பப் புடிச்ச நாவல் எதும்மா?"

அம்மா யோசித்தார். பேர் ஞாபகம் இல்லை, எழுதினது யாரென்றும் ஞாபகம் இல்லை. "ஒரு பொண்ணு மாமியார் வீட்ல சண்டை போட்டுட்டு விடிகாலைல கெளம்பிருவா. பஸ்ல ஏறி ஜன்னல் ஓரமா உக்காந்த பொறவுதான் தெரியும், கையில டிக்கெட்டுக்குக் காசு இல்லன்னு. கண்டக்டர் ஒவ்வொரு சீட்டா வந்துக்கிட்டே இருப்பான். அவ ஜன்னல் வெளியவே பாத்துக்கிட்டு இருப்பா." அவ்வளவுதான். அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்டேன். "அது மறந்துபோச்சு. அவ அப்டி உக்காந்திருந்ததுதான் ஞாபகம் இருக்கு" என்றார்.

எனக்குப் பத்து நாவல்களின் பெயர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் தெரியும். இப்படி ஒரு காட்சியை முப்பது வருஷம் மனசில் வைத்திருக்கிறேனா என்று யோசித்தேன். இரண்டு மூன்று தேறியது.

கண் சரியான பிறகு அம்மா கேட்டார்: "நீ படிக்கிறதுல ஒண்ணு குடேன், எனக்குப் புரியற மாதிரி." அலமாரியிலிருந்து அசோகமித்திரனின் 'தண்ணீர்' எடுத்துக் கொடுத்தேன். சின்ன புத்தகம், சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம், அக்கா ஜமுனா, தங்கை சாயா, பக்கத்து வீட்டு டீச்சரம்மா. மூன்று நாளில் முடித்துவிட்டார்.

"எப்படிம்மா இருந்துது?"

"இதுல தண்ணிக்கு அலையறது பூரா பொம்பளைங்களாத்தான் இருக்கு, கவனிச்சியா? அந்த டீச்சரம்மா நல்லவ. ஆனா நல்லவளா இருக்கறதுக்கு நேரமே இல்ல அவளுக்கு."

'தண்ணீர்' பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். நகரமயமாதல், குறியீடு, நடுத்தர வர்க்க வாழ்வின் வறட்சி என்றெல்லாம் அதில் உண்டு. டீச்சரம்மாவுக்கு நேரமில்லை என்பதை நான் கவனித்திருக்கவில்லை. பிறகு திரும்பப் படித்தேன். அம்மா சொன்னதுதான் சரி. வேலைக்கும் போய், வியாதிக்காரக் கணவனையும் பார்த்து, தண்ணீருக்கும் ஓடி, இடையில் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில்தான் அவள் ஜமுனாவோடு பேசுகிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் சொல்வதால்தான் அவள் பேச்சு உபதேசமாகத் தெரியவில்லை. நாவலின் அடக்கம் அசோகமித்திரனின் நடையில் மட்டும் இல்லை. அந்த மனுஷிக்குப் புலம்ப நேரமில்லை என்பதிலும் இருக்கிறது. செல்லப்பா இருந்தால் இதை நல்ல அலசல் என்று ஒத்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

திரும்பப் படிக்கும்போதுதான் பார்த்தேன். 27ஆம் பக்கம், எண்ணுக்குக் கீழே, பென்சிலில் டிக். வாடகை யாரும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் போட்டிருக்கிறார். இரண்டு டிக் இருந்தது. மூன்று நாளில் இரண்டு தடவை.

அன்றைக்கு ராத்திரி அந்த மாணவிக்கு எழுதினேன். மூன்று வருஷம் கழித்து. 'ஜே.ஜே.'யின் டைரிப் பகுதியை நானும் அப்போது முடித்திருக்கவில்லை, உனக்கு எழுதியது சால்ஜாப்பு, மன்னித்துக்கொள் என்று. இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல அண்ணா. நான் அந்தப் புக்க ஒரு ஜூனியர்கிட்ட குடுத்துட்டேன்." அப்புறம் ஒரு சிரிக்கும் முகம். அந்தச் சிரிப்பு எந்த வகை என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

*

இனி என் பட்டியல். இந்தத் தடவை டிக் கணக்கோடு.

'மோகமுள்', தி. ஜானகிராமன். இரண்டு டிக். பத்தொன்பது வயசில் பாபுவின் தோளில் கை போட்டுக்கொண்டு கும்பகோணத்துத் தெருக்களில் நடந்தேன். முப்பத்து மூன்றில் படித்தபோது பாபு எரிச்சல் மூட்டினான். யமுனாவின் வறுமை கண்ணில் பட்டது. ஜானகிராமனே அவளைப் பெரும்பாலும் பாபுவின் கண் வழியாகத்தான் பார்க்கிறார். அவள் தனியாக இருக்கும்போது என்ன நினைப்பாள் என்று அறியும் ஆசை எனக்கு மிஞ்சியது. சங்கீதப் பக்கங்கள் சிலவற்றை இரண்டு தடவையும் வேகமாகத் தாண்டினேன்.

'செல்லம்மாள்', புதுமைப்பித்தன். எத்தனை டிக் என்று எண்ணவில்லை. அப்பா படுக்கையில் இருந்த மாதத்தில் பிரம்மநாயகம் பிள்ளையை விட்டால் எனக்குப் பேச்சுத்துணை இல்லை. சிறுகதைதான், நாவல் பட்டியலில் சேராது. இருக்கட்டும்.

'பொய்த்தேவு', க.நா.சு. ஒரு டிக். மதிக்கிறேன். பணத்தில் ஏறி ஏறிப் போய்க் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுப் பண்டாரமாகப் போகும் சோமுவை நம்புகிறேன். ஆனால் திரும்பப் போகத் தோன்றவில்லை. பட்டியல் போட்டவரே மன்னிப்பார்.

'கோவேறு கழுதைகள்', இமையம். 1994இல் வந்தது. ஒரு டிக். வண்ணாத்தி ஆரோக்கியம் வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்கும் இடங்கள் அப்படியே மனசில் இருக்கின்றன. இரண்டாவது தடவை எடுத்து, தைரியம் இல்லாமல் வைத்துவிட்டேன். பிடிக்காததால் இல்லை.

'கணையாழியின் கடைசிப் பக்கங்கள்', சுஜாதா. ஏழெட்டு டிக். தூக்கம் வராத ராத்திரிகளில் கை போவது இங்கேதான். எந்தப் பட்டியலிலும் நான் இதுவரை எழுதாத பெயர்.

'தண்ணீர்', அசோகமித்திரன். என் டிக் இரண்டு, அம்மாவின் டிக் இரண்டு.

'புத்தம் வீடு', ஹெப்சிபா ஜேசுதாசன். ஒரு டிக். இந்த வருஷம் இரண்டாவது போடுவேன்.

'ஜே.ஜே: சில குறிப்புகள்', சுந்தர ராமசாமி. இப்போது வால் வைத்த முழு டிக். மன்னிப்புக் கேட்டு எழுதிய வாரமே உட்கார்ந்து முடித்தேன். டைரிப் பகுதியில் இருப்பவன், முற்பகுதியில் நாங்கள் கொண்டாடிய நக்கல்காரன் இல்லை. தன்னையே நம்பாத ஒருவன். அந்தப் பகுதியை இருபது வயசில் படித்திருந்தால், அந்தத் தீபாவளியன்று வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேனோ என்னவோ.

ஒன்பதாவதாக ராஜேஷ்குமாரின் ஏதோ ஒரு க்ரைம் நாவல். எது என்று நினைவில்லை. அவர் ஆயிரத்துக்கு மேல் எழுதியிருக்கிறார், எனக்கு எல்லாம் கலந்துவிட்டது. டிக் போட்டது அம்மா. எடுத்துவந்த நான் வழியிலேயே, மாவு மில் திண்ணையில் உட்கார்ந்து, அம்மாவுக்கு முன்னால் படித்து முடித்துவிடுவேன்.

பத்தாவது, பெயர் தெரியாத நாவல். டிக் இல்லை, நான் படித்ததில்லை. பழைய புத்தகக் கடைகளில் பாக்கெட் நாவல் கட்டுகளைப் பார்த்தால் இப்போதெல்லாம் நின்று 27ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். விடிகாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணுக்கு யார் டிக்கெட் எடுத்தார்கள் என்று உங்கள் அம்மா, அத்தை, பெரியம்மா யாருக்காவது தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். அம்மாவுக்கும் தெரிய வேண்டுமாம்.